மழையே பெய்யாமல் டென்ட்டுக்குள் எப்படித் தூறுகிறது?

ஐப்பசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், பிச்சாவரம் என்று வண்டி எடுத்துக் கிளம்புகிறவர்கள் இப்போது டென்ட்டையும் டிக்கியில் போட்டுக்கொள்கிறார்கள். முதல் இரவு தங்கி விடிந்ததும் பலரிடமிருந்து வருவது ஒரே புகார்தான்: டென்ட் ஒழுகுகிறது. ராத்திரி ஒரு பொட்டு மழை இல்லை. ஆனாலும் கூரையின் உட்புறம் முத்துமுத்தாக நீர், போர்வையின் கால்மாட்டில் ஈரம், தலையணையில் நாலு சொட்டு. துணி மட்டம் என்று விற்றவரைத் திட்டுவதற்கு முன், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதில் பெரும்பங்கு உள்ளே படுத்திருந்தவர்களின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வந்தது.

இட்லிக் குண்டானின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி மேலே போய் மூடியில் பட்டு நீராகிறது. மூடி கவிழ்ந்த கிண்ணம் மாதிரி வளைந்திருந்தால் நீர் சரிவில் வழிந்து விளிம்புக்குப் போய்விடும். தட்டையான தட்டைப் போட்டு மூடினால் நேராக இட்லியின் மேல் சொட்டும். டென்ட்டும் இதே கணக்குதான். பக்கச் சுவர்கள் செங்குத்தாக இருப்பதால் அங்கே படியும் நீர் வழிந்து தரைக்குப் போகிறது. உச்சியில் துணி கிட்டத்தட்ட மட்டமாக இருக்கிறது. அங்கே சேர்வது, படுத்திருப்பவரின் வயிற்றுக்கு நேர் மேலே சொட்டுகிறது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். மழை விட்ட ஐப்பசி இரவில் கடலூர்க் கரையில் 25 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் வெகு சாதாரணம். அதாவது டென்ட்டை விரிக்கும்போதே காற்றில் கன மீட்டருக்கு 21 கிராம் ஆவி இருக்கிறது. இரண்டு பேர் படுக்கும் டென்ட்டின் உட்கொள்ளளவு சுமார் 2 கன மீட்டர். அதில் இன்னும் ஏறக்கூடிய ஆவி ஐந்து கிராமுக்குள்தான், ஒரு தேக்கரண்டித் தண்ணீர். தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர் என்றால் 80 கிராம். ஜிப்பையெல்லாம் இழுத்துச் சாத்திவிட்டுப் படுத்தால் நான்கே நிமிடத்தில் அந்தத் தேக்கரண்டி நிறைந்துவிடும். உடம்புச் சூட்டில் உள்ளே ஒன்றிரண்டு டிகிரி ஏறுவதால் இன்னும் சில கிராம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் எட்டு மணி நேரத்தில் வெளியாவது அரை லிட்டருக்கு மேல். அது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்?

போகும் இடம் கூரை. டென்ட்டில் அதிகம் குளிர்வது அதுதான். வெட்டவெளியில் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது பதிலுக்குக் கொஞ்சம் திருப்பித் தரும். மேகம் இல்லாவிட்டால் கொடுத்தது கொடுத்ததுதான். காற்றசைவற்ற, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவில் கூரைத் துணி சுற்றுக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். வறண்ட ஊரில் இது பெரிய விஷயமில்லை. இங்கே 25 டிகிரி, 90 சதவீதக் காற்று 23 டிகிரியை ஒட்டி வந்தாலே நீர்விடத் தொடங்கிவிடும். இரண்டு டிகிரி இறக்கமே போதும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 'ஜன்னலைத் திறந்து வையுங்கள், சரியாகிவிடும்' என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. கூரை அந்த 23 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் வெளிக்காற்றே அதில் பனியாகப் படியும். ஆளே இல்லாத டென்ட்டும் விடியும்போது நனைந்துதான் இருக்கும். ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: உள்ளே உண்டாகும் ஆவியை வெளியேற்றுவது, கூரையைக் குளிர விடாமல் பார்த்துக்கொள்வது.

முதலாவதற்கு, கீழே ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் வேண்டும். ஈரக்காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. நீராவி மூலக்கூறின் எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி 29. ஆவி கலந்த வெதுவெதுப்பான காற்று இலேசாகி மேலே ஏறும். உச்சியில் வழி இருந்தால் அது வெளியேறி, கீழ்த்திறப்பு வழியாகப் புதுக்காற்றை இழுக்கும். ஓட்டு வீட்டில் புகைக்கூண்டு செய்யும் வேலைதான் இது. கொசுவலை துணி அளவுக்கு அடைக்காது என்றாலும் காற்றோட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும். அதனால் ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத வலைத்திறப்பு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும். மழைக்காகப் போடும் மேல்விரிப்பை உள் டென்ட்டோடு ஒட்டவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது ஓட வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் நீர் மேல்விரிப்பில் படிந்து வெளிப்பக்கமாக வழிந்துவிடும். உள் டென்ட்டின் வலை அதைத் தொடவே தொடாது. விலை குறைந்த ஒற்றைத் துணி டென்ட்டில் இந்த ஏற்பாடு கிடையாது. கூதிர் காலத்துக் கடற்கரைக்கு அது உதவாது.

நைலான் துணி நனைந்தால் நீர் குடித்து நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய மேல்விரிப்பு நள்ளிரவில் தொய்ந்து உள்வலையில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தொட்ட இடமெல்லாம் ஈரம். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. எதுவானாலும் படுக்கப்போகும் முன் ஒருமுறை கயிறுகளை இழுத்துக் கட்டிவிடுவது நல்லது.

கூரை குளிராமல் இருக்க மரம் உதவும். மரக்கிளை வானத்தை மறைக்கிறது. இலைகள் கிட்டத்தட்ட காற்றின் வெப்பத்திலேயே இருப்பதால் கூரை இழக்கும் வெப்பத்தைத் திருப்பித் தருகின்றன. கடலோரச் சவுக்குத் தோப்பு இதற்கு நல்ல இடம். உதிர்ந்த சவுக்கு முட்கள் மெத்தை மாதிரி இருக்கும், தண்ணீரும் தேங்காது. ஆனால் காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் தோப்புக்குள் போகவே கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் என்ன பாடு படுத்தியது என்று பண்ருட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தென்னைக்கு அடியில் எந்த நாளிலும் வேண்டாம். தேங்காய் விழ புயல் தேவையில்லை. மரமில்லாத இடம் என்றால் டென்ட்டுக்கு ஓரடி மேலே ஒரு தார்பாயைச் சரிவாகக் கட்டிவிடுங்கள். பனியைத் தார்பாய் வாங்கிக்கொள்ளும், டென்ட் கூரை உலர்ந்திருக்கும். பின்னிரவில் மழை வந்தாலும் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்காது. நமக்குத் தெரிந்து, இருக்கும் தீர்வுகளிலேயே இதுதான் மலிவு, இதுதான் சிறப்பு.

டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. 100 கிராம் எரிவாயு எரிந்தால் சுமார் 150 கிராம் நீராவி உண்டாகும். அது கூடப் போகட்டும். மூடிய இடத்தில் அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக் காருக்குள் தூங்குவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

இனி தரை. மணலைப் பார்த்தால் உலர்ந்ததுபோல் இருக்கும். ஒரு முழ ஆழத்துக்குக் கையால் தோண்டிப் பத்து நிமிடம் காத்திருங்கள். குழியில் நீர் ஊறினால் அந்த இடம் வேண்டாம். மெல்லிய மணலில் நிலத்தடி நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, ஒன்று ஒன்றரை அடி மேலேறி நிற்கும். டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் ஷீட், டென்ட்டின் அடியைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக விரித்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைநீரை ஏந்தி நேராக அடியில் கொண்டுபோய்விடும். பலரும் செய்யும் தவறு இதுதான். டென்ட் அடித்துணியில் '1500 மில்லிமீட்டர்' என்று போட்டிருப்பது ஒன்றரை மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதற்கு. 60 கிலோ ஆள் முழங்காலிட்டால், உள்ளங்கையளவுகூட இல்லாத இடத்தில் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் அழுத்தம் விழும். கீழே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் கசியத்தான் செய்யும். உள்ளே ஒரு பாய் போட்டால் பாரம் பரவும்.

டென்ட்டோடு வரும் ஆறங்குல முளை மணலில் நிற்காது. 20 கிலோமீட்டர் வேகக் காற்று இரண்டு சதுர மீட்டர் சுவரைச் சுமார் 4 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வேகம் இரட்டித்து 40 ஆனால் தள்ளுவது 15 கிலோ. இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு விசை. இதற்கு ஐந்து கிலோ அரிசிப் பையில் மணலை நிரப்பி, பையின் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு முழ ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மிதித்துவிடுங்கள். பை நகர வேண்டுமென்றால் மேலிருக்கும் மணல் முழுவதையும் தூக்கிக்கொண்டுதான் நகர வேண்டும். மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மணல் இன்னும் இறுகும். குழந்தைகள் வீடு கட்ட ஈர மணலைத் தேடுவது இதனால்தான். வடகிழக்குப் பருவத்தில் வாடையும் கொண்டலும்தான் வலுக்கும் என்பதால் வாசலைத் தென்மேற்கே வையுங்கள்.

ஆற்றங்கரையில் மட்டும் இந்த மாதங்களில் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலூரில் தென்பெண்ணைக் கரை மூழ்கியதோ அதன் பிறகு. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தபோது. தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கிறது என்பதை ஆறு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஒழுகலா, ஆவியா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒழுகினால் தையல் வழியாக, ஒரு கோடு பிடித்து வரும், மழை பெய்யும்போது மட்டும் வரும். ஆவி நீர் துணி முழுவதும் சமமாகப் பொடித்திருக்கும்.

வீடு திரும்பிய பிறகு பலரும் கோட்டை விடுவது டென்ட்டை அலசாமல் சுருட்டி வைப்பதில். கடற்காற்றில் வந்த உப்பு துணியெங்கும் ஒட்டியிருக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசியுமே, அதேதான். எவ்வளவு காயவைத்தாலும் உப்புள்ள டென்ட் அடுத்த மழை நாளில் பிசுபிசுக்கும், ஜிப் அரித்துப் போகும். நல்ல தண்ணீரில் சோப்பில்லாமல் இரண்டு முறை அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். துணியின் உட்புறத்தில் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிதைந்து, பசைபோல ஒட்டி, புளித்த வாடை அடிக்கத் தொடங்கும். அப்படி ஆன டென்ட்டைக் காப்பாற்ற முடியாது. உலர்ந்த டென்ட்டை அதனுடைய இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி, பரணில் ஓடு சுடாத பக்கமாக வையுங்கள்.