ரோஸ்டர்: நெய் ரோஸ்ட்டுக்குச் சொந்தக்காரச் சொல்

போன நவம்பரில் அக்கா மதுரையிலிருந்து பேசினாள். "ஏன்டா, மேட்ச்தான் எல்லாம் முடிஞ்சிருச்சுன்னியே, இன்னும் போன்ல என்னத்தப் பாக்குற?" என்றாள். "ரோஸ்டர் பாக்குறேன்க்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உனக்கும் நைட் டியூட்டியா?"

அக்கா செவிலியர். ரோஸ்டர் என்றால் அவளுக்கு வார்டு சுவரில் ஒட்டியிருக்கும் தாள்: யாருக்குப் பகல், யாருக்கு இரவு, யாருக்கு விடுப்பு. அத்தான் அரசு அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் இருக்கிறார். அவருக்கு அதே சொல் இட ஒதுக்கீட்டுக் கணக்கு, இருநூறு இடங்களை வகுப்புவாரியாகப் பிரிக்கும் சுழற்சி. எனக்கோ அது பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி குளிர்காலத்தில் யாரை வைத்துக்கொள்கிறது, யாரைக் கழற்றிவிடுகிறது என்ற கவலை. ஒரே வீட்டில் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள். எது மூலம் என்று தேடிப் பார்த்தால், மூன்றும் இல்லை. மூலம் அடுப்படியில் இருக்கிறது.

டச்சு மொழியில் ரோஸ்டர் என்றால் இறைச்சியோ மீனோ சுடும் இரும்புக் கம்பித்தட்டு. ரோஸ்டன் என்ற வினைக்கு வாட்டு, சுடு என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர். ஆங்கில ரோஸ்ட்டும் இதே ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததுதான். ஆகவே நம் ஊர் ஓட்டலில் முறுகலாக வரும் நெய் ரோஸ்ட்டும், அக்காவின் டியூட்டித் தாளும் ஒன்றுவிட்ட உறவு. டச்சுக்காரர்கள் எழுதும் எழுத்துக்கூட்டைப் (rooster) பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் சேவலைக் குறிக்கும் ரூஸ்டர்தான் இது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு குடும்பம். பறவை அடையும் கழியிலிருந்து பிறந்த சொல். சேவலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கம்பித்தட்டு எப்படிப் பட்டியல் ஆனது? கம்பிகள் ஓடுவதைப் போலக் காகிதத்தில் கோடு கிழித்தால் கட்டங்கள் வருமல்லவா, அந்தத் தோற்றம்தான். டச்சில் இன்றைக்கும் பள்ளிக்கூட நேர அட்டவணைக்கும் ரோஸ்டர், அடுப்புக் கம்பித்தட்டுக்கும் ரோஸ்டர். நமக்கு இது புதிதில்லை. ஜாதகம் பார்க்கிறவர் "கட்டம் சரியில்லை" என்றால் பென்சில் கோட்டைக் குறை சொல்கிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. கோடு போட்ட வடிவத்தின் பெயர் அதற்குள் இருப்பவருக்கு ஏறிவிடுகிறது.

ஆங்கிலத்துக்கு இச்சொல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவம் வழியாக வந்தது. எந்த அதிகாரி, எந்தப் படைப்பிரிவு எப்போது காவலுக்குப் போவது என்ற முறைவரிசை அது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'முறை'. இன்று உன் முறை, நாளை என் முறை. ஆற்றுப்பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் இதே கருத்துத்தான். அக்காவின் தாளிலும் அத்தானின் கோப்பிலும் அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது.

பேஸ்பாலில் அது உதிர்ந்துவிட்டது. பந்து வீசுகிறவர்கள் நாள் வைத்து மாறி மாறி வருவதற்கு அங்கே தனிச்சொல் இருக்கிறது. மட்டை பிடிக்கும் வரிசைக்கு வேறொரு சொல். ரோஸ்டர் என்றால் யார் யார் நம்மவர் என்பது மட்டுமே. முறை போய்விட்டது, கட்டங்கள் மிஞ்சின. பேஸ்பால் ரசிகனை நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை தூங்கவிடாமல் செய்வது இந்தக் கட்டங்களின் எண்ணிக்கைதான்.

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சப் போட்டியான பெரிய லீகில் ஒவ்வோர் அணிக்கும் 40 கட்டங்கள். அந்த நாற்பதில் களத்துக்கு வரத் தகுதியான உள்வட்டம், 2020 முதல், 26 பேர். செப்டம்பரில் மட்டும் 28. ஆட்டங்கள் நடக்கும்போது நீண்டகாலக் காயப் பட்டியலில் கிடப்பவர்கள் நாற்பதில் சேர மாட்டார்கள். கோப்பையை முடிவுசெய்யும் கடைசித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்து ஐந்து நாளில் அந்தச் சலுகை போய்விடும், காயம்பட்டவர்கள் எல்லாரும் திரும்பிவந்து தலைக்கு ஒரு கட்டம் கேட்பார்கள். அதே நேரத்தில் கீழ் லீக்கில் நாலைந்து வருடமாக வளர்த்த பையன்களுக்கும் கட்டம் தர வேண்டும். தராவிட்டால் டிசம்பரில் 'ரூல் 5' என்ற தேர்வில் வேறு அணி ஒரு லட்சம் டாலர் கட்டிக் கொத்திக்கொண்டு போகலாம். கொண்டுபோன அணிக்கும் ஒரு நிபந்தனை: அடுத்த பருவம் முழுக்க அவனை உள்வட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான். இலை நாற்பது, ஆள் ஐம்பது. யாரையாவது எழுப்பித்தான் யாரையாவது உட்கார வைக்க முடியும்.

எழுப்பப்பட்டவர்களில் மிகப் பெரியவர் டேவிட் ஓர்டிஸ். மினசோட்டா ட்வின்ஸ் அணி 2002 டிசம்பர் 16 அன்று அவரை விடுவித்தது. அந்த வருடம் 20 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். ஆனால் அடுத்த வருடம் சம்பளம் ஏறும், காயங்கள் வேறு. அதே நாளில் ட்வின்ஸ் ரூல் 5 தேர்வில் ஹொசே மோர்பான் என்ற இளம் வீரரை எடுத்தது. மோர்பான் மினசோட்டாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பருவம் தொடங்கும் முன்பே பால்டிமோர் அணிக்குப் போய்விட்டார். ஓர்டிஸை ஜனவரியில் பாஸ்டன் 12.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. அப்புறம் நடந்தது ஊரறியும்: 2004, 2007, 2013 என மூன்று கோப்பைகள், பாஸ்டன் சட்டையில் மட்டும் 483 ஹோம் ரன்கள், 2022இல் பேஸ்பால் மேதைகளுக்கான 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம். ட்வின்ஸ் ரசிகர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது மரியாதை.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. பேஸ்பாலின் மாபெரும் நட்சத்திரம் பேப் ரூத்தை 1919 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்ற அணி இது. விற்றபின் அடுத்த கோப்பைக்கு 2004வரை காத்திருந்தோம். 2020 டிசம்பரில் யாங்கீஸ் தன் நாற்பது கட்டத்தில் இடம் கொடுக்காமல் விட்ட காரெட் விட்லாக் என்ற பந்துவீச்சாளரை ரூல் 5 தேர்வில் பாஸ்டன் எடுத்தது. அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்த ஆள். அடுத்த பருவத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்ல பந்துவீச்சாளர்களில் ஒருவரானார். எடுப்புக் கட்டணம் அதே ஒரு லட்சம் டாலர். ரூத்துக்கு ஈடாகாதுதான். இருந்தாலும் அந்தத் தொகையைப் பார்த்தபோது எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

ஆறாத புண் மூக்கி பெட்ஸ். 2018இல் லீகின் சிறந்த வீரர், அதே வருடம் கோப்பை. 2020 பிப்ரவரியில், ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போது, பந்துவீச்சாளர் டேவிட் ப்ரைஸையும் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். சம்பளத் தொகை வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய வரி இரண்டு வருடமாக ஏறிக்கொண்டிருந்தது, அதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பெட்ஸ் ஜூலையில் டாட்ஜர்ஸுடன் 12 வருடத்துக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார், அக்டோபரில் கோப்பையும் வாங்கினார். நாங்கள் 2022 டிசம்பரில் ஜப்பானிலிருந்து மசடாகா யோஷிடாவைச் சேர்த்தபோது அவருக்கு ஒரு கட்டம் வேண்டியிருந்தது. யாருடைய பெயரை அடித்தார்கள் தெரியுமா? ஜீட்டர் டவுன்ஸ். பெட்ஸுக்குப் பதிலாக வந்தவருக்கு மூன்று வருடம்கூட முடியவில்லை.

யோஷிடாவை எடுத்ததில் எனக்குக் குறையில்லை, டவுன்ஸ் நன்றாக ஆடினார் என்றும் சொல்ல மாட்டேன். என் கோபம் முதல் கணக்கில். கட்டத்தை எப்போதும் காலி செய்யலாம். பெட்ஸைப் போல ஒருவரை அதில் எழுதுவது பத்து இருபது வருடத்துக்கு ஒருமுறை வாய்ப்பது. அலுவலகத்தில் இருப்பவர்கள் கட்டத்தைப் பார்க்கிறார்கள், ரசிகன் கட்டத்துக்குள் இருக்கும் ஆளைப் பார்க்கிறான். ஓர்டிஸ் விஷயத்தில் மினசோட்டா அலுவலகம் செய்ததும் அதுதான். அப்போது லாபம் எங்களுக்கு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. சரி, சொல்லுக்கு வருவோம்.

தமிழில் என்ன சொல்வது? பட்டியல் என்றால் போதும் என்பார்கள். மளிகைக் கணக்கும் பட்டியல்தான், விடுவிக்கப்பட்டவர்களின் பெயர்களும் பட்டியல்தான். காகிதத்தைக் குறிக்கப் பட்டியல் சரி, ஆட்களைக் குறிக்காது. "ரோஸ்டர் பலவீனமாக இருக்கிறது" என்பதைப் "பட்டியல் பலவீனமாக இருக்கிறது" என்றால் காகிதம் நைந்துபோனது போல ஒலிக்கிறது. நிரல் நல்ல பழைய சொல், நிரல்நிறை என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆனால் அதில் வரிசைப் பொருள் அழுத்தமாக உண்டு, பேஸ்பால் ரோஸ்டரில் வரிசையே கிடையாது. போதாக்குறைக்குக் கணினிக்காரர்கள் நிரலைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள். "வீரர் நிரல்" என்று எழுதினால் ஏதோ மென்பொருள் என்று நினைப்பார்கள்.

என் தேர்வு குழாம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கின்றன. கிரிக்கெட் தொடருக்கு அறிவிக்கும் பதினைந்து பேரை அவர்கள் குழாம் என்றே எழுதுகிறார்கள். அணி வேறு, குழாம் வேறு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இரண்டுக்கும் அணி என்றே போட்டுவிட்டு, வேறுபடுத்த "ஆடும் லெவன்" என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. குழாம் என்றால் நம் பக்கம் புலவர் குழாம், அடியார் குழாம் என்று கொஞ்சம் சந்தன வாசனை அடிக்கும். அடித்தால் என்ன, பழகிவிடும். 40 பேர் ரோஸ்டரை நாற்பதின்மர் குழாம் என்று சொல்லிப் பாருங்கள். வணிகக் கூட்டத்துக்கு ஐந்நூற்றுவர் என்று பெயர் வைத்த மொழிக்கு இது ஒரு பாரமா? உள்வட்டம் 26 பேருக்குக் களக்குழாம். ஒரு தனி இடத்துக்குக் கட்டம் என்றே சொல்லலாம். டச்சு மூலத்துக்கும் அதுவே நெருக்கம். ஆஸ்பத்திரித் தாளுக்கு முறைப்பட்டியல். அத்தானுடைய கோப்புக்கு இனச்சுழற்சி என்று அரசே பெயர் வைத்துவிட்டது, தொட வேண்டாம்.

தக்கவைப்பு, விடுவிப்பு இரண்டையும் ஐபிஎல் நமக்குத் தந்துவிட்டது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏலம் மட்டும் பேஸ்பாலில் இல்லை. ஆஃப் சீசனுக்குத்தான் தடுமாற்றம். நமக்கு அது ஊட்டியில் அறை வாடகை குறையும் காலம். ஓய்வுப் பருவம் என்றால் பொய்யாகிவிடும், மேலே சொன்ன எதிலும் ஓய்வு இல்லை. இடைப்பருவம் பொருந்துகிறது. இந்த மாதங்களில் ரசிகர்கள் அளக்கும் கதைக்கு அமெரிக்காவில் ஒரு பெயர் உண்டு: 'ஹாட் ஸ்டோவ்'. பனிக்காலத்தில் ஊர்க்கடையின் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேஸ்பால் பேசியதிலிருந்து வந்தது. ஆக, பட்டியலும் அடுப்பிலிருந்து, அதைப் பற்றிய பேச்சும் அடுப்பிலிருந்து. தமிழில் அடுப்பைத் தேட வேண்டாம், திண்ணைப் பேச்சு என்றாலே போதும்.

ஒரே ஒரு தொடர் மட்டும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. ஜீட்டர் டவுன்ஸுக்கு நடந்தது உடனடி நீக்கம் இல்லை. நாற்பதிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஏழு நாள் அவகாசம் வைத்துக்கொள்வார்கள். அதற்குள் அவரை வேறு அணிக்கு மாற்றலாம், அல்லது மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் விடலாம். அதுவரை அவர் அணியிலும் இல்லை, வெளியிலும் இல்லை. இதை அத்தானிடம் விளக்கினேன். அவர் யோசிக்கவே இல்லை. "இதுக்கு எதுக்கு மாப்ள புதுசா சொல் தேடுறீங்க? எங்க ஆபீஸ்ல, போலீஸ்ல எல்லாம் தினம் வர்ற ஆர்டர்தானே" என்றார்.

எழுதிப் பார்த்தேன்: ஜீட்டர் டவுன்ஸ், காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்.