'தற்செயல் கட்டி' என்ற சொல் வேண்டாம்

இன்சிடென்டலோமா. கல்லடைப்போ என்று வயிற்றை சிடி ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் எதிர்பாராமல் ஒரு வளர்ச்சி கண்ணில் படுகிறதே, அதற்கு 1982இல் ஒரு அறுவை மருத்துவக் கட்டுரையின் தலைப்பில் வந்து பரவிய பெயர். முன்பாதி லத்தீன், 'எதிர்ப்படுதல்' என்ற வேர். பின்பாதி 'ஓமா', கட்டிகளுக்குச் சேர்க்கும் கிரேக்க விகுதி. சொல் வரலாறு இவ்வளவுதான்.

இதைத் 'தற்செயல் கட்டி' என்று எழுதுகிறார்கள். இரண்டு பாதியும் தப்பு. தற்செயல் என்பது தன் + செயல். அதைக் கட்டியின் தலையில் ஏற்றினால் திடீரென்று தானாக முளைத்தது போல ஆகிவிடுகிறது. அது பல வருஷமாக அங்கேயே இருந்திருக்கலாம், தற்செயலாக நடந்தது நாம் பார்த்தது மட்டும்தான். சிலர் 'எதேச்சைக் கண்டுபிடிப்பு' என்கிறார்கள், அது இன்னும் மோசம்: எதேச்சை யதா இச்சையிலிருந்து வந்தது, 'விருப்பப்படி' என்று பொருள், எதேச்சாதிகாரத்தில் இருப்பதும் அதுவே. கண்டுபிடிப்பு என்றாலோ யாரோ புதுக்கருவி செய்த மாதிரி இருக்கிறது.

அப்புறம் 'கட்டி'. எனக்குக் கோபமே இதில்தான். ரிப்போர்ட்டில் கட்டி என்று படித்த மாத்திரத்தில் மனுஷனுக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும், ஆனால் வழிகாட்டு நெறிகள் இருப்பதே அந்தப் பயத்தை அளவு பார்த்துப் பிரிப்பதற்காக. நுரையீரலில் 30 மில்லிமீட்டர் வரை நாட்யூல் (கணு), அதைத் தாண்டினால் மாஸ் (திரள்). தமிழில் இரண்டையும் கட்டி என்றே நசுக்கிவிடுகிறோம். மார்பு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 நெறிப்படி, 35 வயதைக் கடந்த, ஏற்கெனவே புற்றுநோயோ நோயெதிர்ப்புக் குறைவோ இல்லாத, ஆபத்து குறைந்த ஒருவருக்கு 6 மில்லிமீட்டருக்குள் திண்மையான கணு ஒன்று தெரிந்தால் வழக்கமாக மறு ஸ்கேனே வேண்டாம். சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி என்றால் அப்படியே விட்டுவிடலாம். அட்ரீனலில் மருந்து ஏற்றாத சிடியில் சீராக 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகோ (சிடியில் அடர்த்தியைச் சொல்லும் அளவு) அதற்குக் கீழோ காட்டினால் கொழுப்பு மிகுந்த தீங்கற்ற வளர்ச்சி. அது ஹார்மோனை அதிகம் சுரக்கிறதா என்ற சோதனை தனி விஷயம். 4 சென்டிமீட்டரைத் தொட்டால்தான் அறுவை பற்றிய பேச்சு பெரும்பாலும் வரும். இத்தனை வேறுபாட்டையும் ஒரே சொல்லில் எப்படி அடைப்பது?

நான் சொல்வது 'தேடாக் காண்பு'. செல்லாக் காசு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சரி, தேடாமல் கண்டது என்று யாருக்கும் புரியும். என்ன கண்டது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்: கணு, நீர்க்கட்டி, தழும்பு, திரள். நோயாளிக்கான தாளில் கலைச்சொல்லே வேண்டாம், 'வேறொன்றைப் பார்க்கும்போது இது தெரிந்தது' என்று எழுதினால் போதும்.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைத்துவிட்டுப் போவதால்தான் இத்தனையும். '6 மாதத்தில் பின்தொடரவும்' என்று அச்சடிக்கிறார்களே, யாரை யார் பின்தொடர்வது? '6 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்' என்று எழுத என்ன தடை?