விரத நாளில் மீன் குழம்பு

பக்தியால் வந்த சண்டை என்று குடும்ப ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மதத்தைச் சேர்ந்த தம்பதிகள். கலப்பு மணம் செய்தவர்கள் கல்யாணத்துக்கு முன்பே இதையெல்லாம் பேசித் தீர்த்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஊரே பேசித் தீர்த்திருக்கும். ஒரே சாமி, ஒரே கோயில் என்று நம்பிக் கட்டிக்கொண்டவர்கள்தான் ஏழெட்டு வருஷம் கழித்துத் திகைத்துப்போய் வந்து உட்காருகிறார்கள்.

ராமேஸ்வரம் தீவில் ஒரு வீடு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் விசைப்படகில் போகிறவர். மனைவிக்குச் செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம், அமாவாசை எல்லாம் விரதம். இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். அவர் கறிக்கென்று நண்டோ கணவாயோ எடுத்து வருகிற காலைதான் பெரும்பாலும் வீட்டில் விரத நாளாக இருக்கும். அடுப்பங்கரைக்குள் மீன் நுழையக் கூடாது. அவர் கொல்லையில் கல் கூட்டி, சட்டி வைத்து, தானே குழம்பு வைப்பார். அதோடு நிற்காமல் தெருவுக்கே கேட்கிற மாதிரி நக்கலும் அடிப்பார். அந்த அம்மா பதிலே பேச மாட்டார். இரண்டு மூன்று நாள் அப்படியே ஓடும். அந்த மௌனம்தான் அவருக்குத் தாங்காது.

"மீன் வித்த காசுலதானே சாமிக்குச் சூடமே வாங்குறா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் யார் சொல்வது சரி என்ற பக்கம் போனால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். நான் கேட்டது, இந்த விரதமெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று மட்டும்தான்.

அந்த அம்மா சொன்ன பதில் கணவருக்கே புதிது. இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துப்போய், அவர் அங்கே சிறையில் இருந்த நாட்களில் செய்துகொண்ட வேண்டுதல். ஆள் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் ஒரு விரதத்தைக்கூட விடப் பயம். விட்டால் அடுத்த முறை என்ன ஆகுமோ. அவரோ, பக்கத்தில் வராதே என்று சொல்வதற்குச் சாமி ஒரு சாக்கு என்றே அதுவரை நினைத்திருந்தார்.

அவருடைய நக்கலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ராத்திரியில் கடல் எல்லைக்குப் பக்கத்தில் வலை இழுக்கிறவர்கள் பயத்தைச் சிரித்துத்தான் தள்ளுவார்கள். படகில் அந்தக் கேலிக்கு மரியாதை உண்டு. வீட்டில் அதே பேச்சு சாமியைப் பழிப்பதாகப் படுகிறது. இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான், சுபாவம்தான் வேறு.

அப்புறம் பேச வேண்டியதெல்லாம் நாள்காட்டியும் சட்டியும்தான். சஷ்டி, அமாவாசைக்கு வீட்டில் மீன் இல்லை. மற்ற விரத நாட்களில் தனிச் சட்டி. சாமி விஷயத்தில் கிண்டல் கிடையாது. கோபம் வந்தால் அந்த அம்மா அன்றைக்கே இரண்டு வார்த்தையாவது சொல்லிவிட வேண்டும். இதுதான் அந்த அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், உறவுக்காரர்கள் வந்து தங்கினால் மறுபடி கொஞ்சம் புகையும்.

சில வீடுகளில் விஷயம் பணம். ஜெபக்கூட்டத்துக்குக் கொடுத்த தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கணவருக்குத் தெரியாது. மாலை போட்டுப் போன செலவு மனைவிக்குத் தெரியாது. கொடுப்பது தப்பில்லை, தொகை இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கீழக்கரைப் பக்கம் இன்னொரு மாதிரி: வளைகுடாவிலிருந்து திரும்பிய கணவர், தர்காவுக்குப் போவது மார்க்கத்துக்கு ஆகாது என்று, மனைவி சின்ன வயதிலிருந்து போய்வந்த ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கு இனிப் போகக் கூடாது என்பார். அங்கே மார்க்கத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பெண் சந்தனக்கூட்டில் யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்டால், பாதி நேரம் பதில் 'அம்மா வீட்டு ஆட்களை' என்பதுதான்.

ஒன்றை மட்டும் பக்தி என்று விட்டுவிடாதீர்கள். சாதாரணமாக இருந்தவர் திடீரென்று தூக்கமில்லாமல் இரவெல்லாம் ஜெபிப்பது, சாமி காதில் உத்தரவு போடுகிறது என்பது, தீட்டு என்று மணிக்கணக்கில் குளிப்பது, கையிலிருப்பதையெல்லாம் வாரிக் கொடுப்பது, இவையெல்லாம் மனநல மருத்துவர் பார்க்க வேண்டியவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்குப் போங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். அடி, மிரட்டல் என்று போனால் ஆலோசனைக்குக் காத்திருக்க வேண்டாம். பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

விவாகரத்து கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். 1955-ஆம் வருஷ இந்து திருமணச் சட்டத்தில் மதம் மாறுவதும் துறவு பூணுவதும் காரணங்களாக இருக்கின்றன. பூஜை அதிகம் செய்வது அதில் ஒரு காரணமாக இல்லை. கொடுமை என்று வாதாடலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டும்.

மீனவக் குடும்பங்களுக்கு ஒரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். கணவர் வீட்டில் இருப்பதால் சண்டையும் அப்போதுதான் அதிகம், இரண்டு பேரும் சேர்ந்து வந்து உட்கார நேரமும் அப்போதுதான். ஜூன் 15-க்கு அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது.