மின்ட் ஸ்டேட்: புழங்கா நிலை

அமெரிக்க நாணயச் சேகரிப்பில், புழக்கத்தில் தேயாத நாணயத்தைக் குறிக்கும் சொல் ‘மின்ட் ஸ்டேட்’. தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தை அடைத்துத் தரும் கெட்டி பிளாஸ்டிக் உறையில் ‘எம்எஸ்’ என்றும், பக்கத்தில் 60 முதல் 70 வரை ஓர் எண்ணும் இருக்கும். நம் சேகரிப்பாளர்கள் ‘யுஎன்சி’ (அன்சர்குலேட்டட், புழங்காதது) என்பதும் ஏறக்குறைய இதுதான்.

இதைக் ‘குறையில்லாத நாணயம்’ என்று புரிந்துகொண்டு வாங்குவதில்தான் பணம் போகிறது. கை மாறித் தேயவில்லை என்பது மட்டுமே இதன் பொருள், தழும்பு இருக்கலாம். மார்கன் வெள்ளி டாலரைப் பாருங்கள் (1878–1904, மறுபடி 1921). ஒன்றின் எடை 26.73 கிராம். ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டி வைத்தார்கள். ஒரு பையே ஏறத்தாழ 27 கிலோ. பையைத் தூக்கிப் போடும்போதெல்லாம் காசுகள் ஒன்றையொன்று இடித்தன. அதனால் எம்எஸ் 60 நாணயம் ஒன்று, லேசாகப் புழங்கிய, ஒரு படி கீழான ‘ஏயு 58’ தர நாணயத்தைவிடப் பார்வைக்கு மோசமாக இருப்பது சாதாரணம்.

நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கும் ‘மின்ட்’ லத்தீன் ‘மொனேட்டா’விலிருந்து வந்தது. ரோமில் ஜூனோ மொனேட்டா தெய்வத்தின் கோயிலை ஒட்டி நாணயம் அடித்தார்கள். தெய்வத்தின் பெயர் இடத்துக்கும் காசுக்கும் ஆகிவந்தது. எண்ணின் கதை வேறு. நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட்களுக்கு 1 முதல் 70 வரை அளவுகோல் வகுத்தார். 70-ஆம் தரம், கடைநிலைத் தரத்தைப்போல் 70 மடங்கு விலை பெறும் என்பது கணக்கு. விலைக் கணக்கு நிலைக்கவில்லை, எண்கள் நிலைத்தன. தரச்சான்று நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி 1987-இலும் பணி தொடங்கிய பின், உறையின் மேலுள்ள அந்த எண்ணே சந்தையின் மொழியாகிவிட்டது.

தமிழில் நாணயம் அடிக்கும் இடத்துக்கு ‘அக்கசாலை’ என்ற பழஞ்சொல் உண்டு. கொற்கையை அடுத்த ஓர் ஊருக்கே அந்தப் பெயர். சென்னையின் தங்கசாலைத் தெருவும் இவ்வகைதான். ‘மின்ட் ஸ்டேட்’டை ‘அக்கசாலை நிலை’ என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆனாலும் ‘புழங்கா நிலை’யே மேல், அதில் பொருள் வெளிப்படையாக இருக்கிறது. ‘புத்தம் புதியது’ என்பது தழும்பே இல்லை என்று நினைக்கவைக்கும், அதைத் தவிர்க்க வேண்டும்.

புழங்கியதா இல்லையா என்று எப்படிக் காண்பது? ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். புழங்காத பரப்பில் ஒளிப்பட்டைகள் சக்கர ஆரங்கள்போல் அறுபடாமல் சுற்றிவரும். மார்கனில் முன்புறப் பெண் தலையின் காதுக்கு மேலுள்ள முடி, கன்னம், பின்புறக் கழுகின் மார்பு ஆகிய மேடுகளில் ஒளி அறுந்து மங்கிய சாம்பல் திட்டு தெரிந்தால் அது தேய்மானம். நியூ ஆர்லியன்ஸில் அடித்த டாலர்கள் இங்கே ஏமாற்றும். பலவற்றில் அச்சு முழு அழுத்தம் பெறாததால் மார்பு இறகுகள் பிறப்பிலேயே இருக்காது. இறகு இல்லாவிட்டாலும் ஒளி தொடர்ந்து ஓடினால் அது தேய்மானமல்ல. ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் யாரோ துடைத்திருக்கிறார்கள். அத்தகைய நாணயத்துக்கு எண் தராமல் ‘டீட்டெயில்ஸ்’ என்று மட்டும் உறையில் எழுதுவார்கள். விலை வெகுவாக இறங்கும்.

இந்த ஒற்றைச் சொல்லின் எடை சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த 1884 மார்கன் டாலரில் தெரியும். தேய்ந்த நிலையில் அது சில பத்து டாலருக்கே கிடைக்கும். புழங்கா நிலையில் மிக அரிது, பல்லாயிரம் டாலர் கேட்கும். அதே அக்கசாலையின் 1881 டாலரோ எம்எஸ் 65-இலும் தாராளமாகக் கிடைக்கும். எனவே எண்ணுக்கு முன் ஆண்டையும், எந்த அக்கசாலையில் அடித்தது என்று காட்டும் குறியையும் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையை விட்டு, ஏலத்தில் உண்மையில் முடிந்த விலைகளை ஒப்பிடுங்கள்.

போலி உறைகளும் உண்டு, அசல் நாணயத்தின் சான்று எண்ணையே அச்சடித்து விற்கிறார்கள். எண் நிறுவனத்தின் பதிவில் இருப்பது மட்டும் போதாது. அங்கே படம் இருந்தால் கன்னத்துத் தழும்புகளை ஒவ்வொன்றாகக் கையிலுள்ள நாணயத்தோடு பொருத்துங்கள். சாய்க்கும்போது நாணயத்தின் மேல் இடம் நகர்வதுபோல் தெரியும் கீறல் பிளாஸ்டிக்கில் உள்ளது. அதற்காக விலை குறைத்துக் கேட்க வேண்டியதில்லை.