கையை விட்டாலும் சைக்கிள் ஏன் விழுவதில்லை?

"ஸ்டாண்ட் போடாமல் விட்டால் சைக்கிள் உடனே விழுது. ஓடேக்க மட்டும் ஏன் விழுறேல்ல? சில பேர் ரெண்டு கையையும் விட்டுட்டு ஓடுறாங்களே, அது எப்பிடி?" என்று பத்தாம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பின்னேரங்களில் பண்ணைக் கரையில் சைக்கிள் ஓடுகிற பிள்ளையாம். நல்ல கேள்வி. நூறு வருடத்துக்கு மேலாகக் கணித மேதைகளே மல்லுக்கட்டிய கேள்வி இது.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, மழைக்குத் தண்ணீர் காணும் வழுக்கையாறு மட்டும்தான். அதனால் கரையோரமாக ஆறுதலாக ஓட வேண்டுமென்றால் எங்களுக்குக் கடல்நீரேரிதான் வாய்ப்பு: கோட்டைப் பக்கத்து நடைபாதை, அல்லது தீவுப்பக்கம் போகும் பண்ணை வீதி. மேடு பள்ளம் இல்லாத தரை. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறத்தாழ 50 வாற்று வலு போதும், மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டே உழக்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் வேலணைப் பக்கம் திரும்பினால் கதை வேறு. நீங்கள் போகும் வேகத்திலேயே எதிர்க்காற்றும் வந்தால், காற்றுத் தடை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். விழாமல் இருக்கிற விசயத்துக்கு வருவோம்.

ஒரு தும்புத்தடியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அது வலப்பக்கம் சரிந்தால் கையையும் வலப்பக்கம் கொண்டுபோவீர்கள். சரிகிற பக்கத்துக்கே அடியை நகர்த்தினால் மேல்பாகம் திரும்ப நேராகும். சைக்கிள் செய்வதும் இதேதான். வலப்பக்கம் சரிந்தால் முன்சில்லு வலப்பக்கம் திரும்ப வேண்டும், அப்போது இரண்டு சில்லும் சரிவுக்குக் கீழே வந்து தாங்கிக்கொள்ளும். ஹாண்டில் திரும்பாதபடி கட்டிவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரராலும் வழக்கம்போல ஓட முடியாது. நின்றுகொண்டிருக்கும் சைக்கிளில் ஹாண்டிலைத் திருப்பினாலும் சில்லு பக்கவாட்டில் நகராது, அதனால்தான் அது விழுகிறது.

ஆக, உண்மையான கேள்வி: கையை விட்ட பிறகு அந்த ஹாண்டிலைத் திருப்புவது யார்?

பல புத்தகங்களில் இருக்கும் பதில் கைரோஸ்கோப் விளைவு, அதாவது சுழலும் சில்லு தன் அச்சை மாற்ற விடாமல் நிற்கிறது என்பது. இதைச் சோதித்துப் பார்த்தவர் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். முன்சில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சில்லைப் பூட்டி, அதை எதிர்ப்பக்கம் சுழலவிட்டு அந்த விளைவை இல்லாமல் செய்தார். ஏறி உழக்கினார், பெரிய சிரமம் இல்லாமல் ஓடியது. 1970 இல் இதை எழுதி வெளியிட்டு, காரணம் முன்பக்கத்து வடிவம் என்றார். உங்கள் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், ஹாண்டில் தண்டு சரிவாக இறங்கும். அந்தச் சரிவை ஒரு கோடாக நிலம்வரை நீட்டினால், முன்சில்லு நிலத்தைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சில சென்ரிமீற்றர் பின்னால் இருக்கும். அதனால் வண்டி சரிந்ததும் முன்சில்லு தானாகவே சரிந்த பக்கம் திரும்பும்.

விசயம் இதோடு முடிந்தது என்றுதான் நாற்பது வருடம் நினைத்தார்கள். 2011 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழு ஒன்று ஒரு விசித்திர வண்டி செய்தது. சின்னச் சில்லுகள், அவற்றின் சுழற்சியை ரத்துச் செய்ய எதிர்ச்சுழல் சில்லுகள், முன்சில்லு நிலத்தைத் தொடும் இடமோ கோட்டுக்குப் பின்னால் இல்லாமல் 4 மில்லிமீற்றர் முன்னால். இரண்டு காரணமும் இல்லை. தள்ளிவிட்டால், ஆளில்லாமலே தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது!

எப்படி? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நிறுத்திய பென்சில் சட்டென்று விழும், தும்புத்தடி மெதுவாகச் சாயும். பாரம் எவ்வளவு பதிவாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகச் சரியும். அந்த வண்டியில் முன்பாகத்தின் பாரம் பதிவாகவும் ஹாண்டில் அச்சுக்கு முன்னாலும், பின்பாகத்தின் பாரம் உயரமாகவும் இருக்கிறது. சரியத் தொடங்கியதும் முன்பாகம் முந்திக்கொண்டு விழப் பார்க்கிறது, பின்பாகம் ஆறுதலாக வருகிறது. இரண்டும் பூட்டிக் கிடப்பதால் முன்பாகம் தனியாக விழ முடியாது, அதற்கு இருக்கிற ஒரே வழி சரிந்த பக்கம் திரும்புவது. திரும்பினால் சில்லுகள் சரிவுக்குக் கீழே வந்து வண்டி நிமிர்கிறது. விழப் பார்க்கிற அந்த அவசரமே வண்டியைக் காப்பாற்றுகிறது. சாதாரணச் சைக்கிளில் மூன்று காரணங்களும் கலந்து வேலை செய்கின்றன. ஓடுபவர் அசையாமல் இருப்பதாக வைத்து 2007 இல் ஒரு மாதிரிச் சைக்கிளுக்குக் கணக்குப் போட்டதில், மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 22 கிலோமீற்றர் வரையான வேகத்தில் அது தானாகவே நிலைத்து நிற்கும் என்று வந்தது. பண்ணைக் கரையில் ஆறுதலாக ஓடுகிறவர்களின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்.

இன்னொன்று. வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், முதலில் ஒரு கணம் ஹாண்டில் இடப்பக்கம் போக வேண்டும். அப்போதுதான் உடம்பு வலப்பக்கம் சரியும், பிறகு சில்லு அதைத் தொடர்ந்து வலப்பக்கம் திரும்பும். ஓடுகிற எல்லோரும் இதைச் செய்கிறோம், செய்வது தெரியாமலே. சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் இதைக் கவனித்திருக்கிறார், பிறகு விமானத்தில் பறந்த அதே ஆள்தான். வீதிக்கரையின் கல்விளிம்பை ஒட்டி ஓடும்போது விலக முடியாமல் அதற்குள்ளேயே இழுபடுவது போல இருக்குமே, காரணம் இதுதான். விலகுவதற்கு முதலில் விளிம்புப் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும், அதற்கு அங்கே இடமில்லை. பயத்தில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். ஆகவே கரையிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி ஓடுங்கள்.

சைக்கிள் ஏன் விழவில்லை என்று ஆராயக் காசு கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நான் கொடுக்க வேண்டும் என்பேன். இலங்கை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம்கூட ஆய்வுக்குச் செலவிடுவதில்லை, அது வெட்கம். இந்தச் சோதனைக்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர்கள் ஒரு பழைய சைக்கிளையும் கைத்தொலைபேசிக் கமராவையும் வைத்தே செய்யலாம்.

நீங்களும் செய்து பார்க்கலாம், தங்கச்சி. சனமில்லாத காலைநேரத்தில், யாராவது பெரியவர் பக்கத்தில் நிற்க, புல்தரைப் பக்கமாக ஒரு பழைய சைக்கிளை ஓடிப்போய்த் தள்ளிவிடுங்கள். போகும்போது சீற்றில் பக்கவாட்டாக மெதுவாகத் தட்டுங்கள். சரிந்து, ஹாண்டில் திரும்பி, நிமிர்ந்து, வேறு திசையில் தொடர்ந்து போகும். வேகம் குறைந்த பிறகுதான் ஆடி ஆடி விழும். உப்புக்காற்றில் ஹாண்டில் தண்டின் போல்ஸ் துருப்பிடித்திருந்தால் இது நடக்காது, தானாகத் திரும்ப அங்கே சுதந்திரம் வேண்டும். சைக்கிள் கடையில் கொடுத்து, கழற்றித் துடைத்து, புதுக் கிறீஸ் போட்ட பிறகு தள்ளுங்கள்.