ஊருணிக்கு மூன்று பங்காளிகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டி மேற்கே போனபோது, புதுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நிலத்தடியில் தண்ணீர் இருந்தது, மேல்நிலைத் தொட்டியும் இருந்தது. ஆனால் மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் நேர்மாறான கஷ்டம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் செட்டிநாடு, இரண்டு பேரிடரையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டது.

ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இந்தப் பகுதியில் கிடையாது. கிடைக்கிற மழையில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து அடுத்த ஐப்பசி வரை வைத்திருக்கத்தான் ஊருக்கு ஊர் ஊருணி. செம்புராங்கல் அடுக்கிய கரை, நான்கு பக்கமும் படி. படியில் இறங்கிக் குடத்தில் மொள்ள மின்சாரம் தேவையில்லை. பார்க்கக் குளம் மாதிரி இருந்தாலும், அளவு பார்த்துச் செய்த இயந்திரம் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 60 மீட்டர், அகலம் 60 மீட்டர், ஆழம் 4 மீட்டர் என்று ஓர் ஊருணி. நிறைந்தால் 1 கோடியே 44 லட்சம் லிட்டர். ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் நாளுக்கு 10,000 லிட்டர் போகும். வெயில் எவ்வளவு குடிக்கும்? நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் 21,600 லிட்டர். ஊர் குடிப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஆவியாவது நீரின் மேற்பரப்பிலிருந்து மட்டும்தான். அடியில் எவ்வளவு ஆழம் கிடக்கிறது என்பது வெயிலுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே தண்ணீரை 2 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்கு பரப்பில் தேக்கினால் நாளுக்கு 43,200 லிட்டர் ஆவியாகும். மார்கழியில் நிறைந்த ஆழமான ஊருணி சுமார் 15 மாதம் தாங்கும், நடுவில் ஒரு பருவமழை பொய்த்தாலும் பங்குனி வரை வரும். ஆழமில்லாதது 9 மாதத்தில், புரட்டாசியிலேயே, காய்ந்துவிடும். மண்ணில் கசிவதை இதில் சேர்க்கவில்லை.

அப்படியானால் தோண்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஊருணியின் அடியில் களிமண் படுகை இருக்கிறது. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. துகளுக்குத் துகள் நடுவே இருக்கும் இடைவெளி இன்னும் சிறியது. தண்ணீர் அதில் நுழைந்து இறங்க வெகுகாலம் ஆகும். அந்தப் படுகைக்குக் கீழே சரளையோ செம்பாறையோ இருந்தால் அது சல்லடை. தூர் வாருகிறேன் என்று பொக்லைன் இறக்கி, அள்ளிய மண்ணுக்குக் கூலி என்று ஒப்பந்தம் போட்டால், வண்டலோடு படுகையும் சேர்ந்து லாரியில் ஏறிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் தையிலேயே தரை தெரியும். எந்த மட்டத்தோடு நிறுத்த வேண்டும் என்று குழி போட்டுப் பார்த்து, அதை எழுதி வைத்துவிட்டுத்தான் இயந்திரத்தை உள்ளே விட வேண்டும்.

அடுத்தது வரத்துக்கால், அதாவது மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வாய்க்கால். ஊருணி தன் வாய்க்கு நேராகப் பெய்யும் மழையால் நிறைவதில்லை. ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 20 ஹெக்டேர் நிலத்தில் ஒரு நாள் 50 மில்லிமீட்டர் பெய்து, அதில் கால்வாசி ஓடி வந்தால் 25 லட்சம் லிட்டர். அப்படி ஆறு மழை போதும், நம் ஊருணி நிறைந்து மறுகால் போகும். மறுகால் போகும் தண்ணீர் அடுத்த குளத்துக்கோ கண்மாய்க்கோ இறங்கும். கனமழை நாளில் வெள்ளம் ஒரேயடியாகப் பள்ளத்துத் தெருவில் பாயாமல் தவணை முறையில் இறங்குவதற்கும் இந்தச் சங்கிலிதான் காரணம். வரத்துக்காலின் குறுக்கே ஒரு சாலை, ஒரு சுற்றுச்சுவர் வந்து பாதி நிலத்தின் நீரை மறித்தால், ஆறு மழை பன்னிரண்டு மழையாகிவிடும். அத்தனை கனமழை எல்லா வருடமும் வராது.

தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று கேட்டால், பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். களிமண் துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகை மின்னேற்றம், எதிர்மின் (நெகட்டிவ்). ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றைக் கோத்துக் கட்டியாக்கி அடியில் படிய வைக்கிறது. தெளிவு வரும், அவ்வளவுதான். கிருமிக்குக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

சரி, இந்த இயந்திரத்தை யார் ஓட்டினார்கள்? தண்ணீர் ஊர்ப் பொது. கட்டிய பணத்தில் பெரும்பகுதி நகரத்தாருடையது (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திச் சேர்த்தது. ஆண்டுதோறும் வரத்துக்காலைச் செதுக்கிவிட்டது ஊர்க்காரர்களின் கை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அந்தப் பணத்தின் ஊற்று அடைபட்டது. அப்புறம் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர் குழாயில் வந்தது, போர்வெல் வந்தது, ஊருணியைக் கவனிக்க ஆளில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. வாரிசுகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள்.

இப்போது அரசும் தனியாரும் கூட்டுச் சேர்வது என்பதற்குப் புதிய வழிகள் இருக்கின்றன. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். நீர்நிலைகளை ஊராரும் சேர்ந்து செப்பனிடும் குடிமராமத்து 2017-இல் மறுபடி தொடங்கியது, அதில் விவசாயிகள் 10 சதவீதம் பணமாகவோ உழைப்பாகவோ தந்தார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பேரிடர் மேலாண்மையும் அந்தப் பட்டியலில் உண்டு.

பணம் வருகிறது. ஆனால் அது போகிற இடத்தைப் பாருங்கள். படிக்குப் புதுச் சிமெண்டு, சுற்றிலும் கம்பிவேலி, நடைபாதை, உபயதாரர் பெயர்ப் பலகை. போட்டோவில் நன்றாக விழும் வேலைகள். வரத்துக்காலுக்குப் பெயர்ப் பலகை வைக்க யாருக்கும் ஆசை வருவதில்லை. வந்தாலும், தனியார் பணத்தால் அதைக் காப்பாற்ற முடியாது. ஆக்கிரமிப்பை அளந்து எடுக்கும் அதிகாரம் அரசுக்குத்தான். தெருவில் ஓடும் மழைநீர் ஊருணிக்குப் போகும்படி அமைத்த பழைய வடிகாலில் இன்று வீட்டுக் கழிவுநீர் ஓடுகிறதென்றால், அதைத் திருப்பிவிட வேண்டியது ஊராட்சி. குழாயை அதில் செருகாமலிருக்க வேண்டியது ஊர்க்காரர்கள். என் அபிப்பிராயத்தில் ஒப்பந்தத்தின் முதல் பக்கமே இதுவாக இருக்க வேண்டும்: வரத்துக்கால் அளக்கப்பட்டு அரசு கையில் வந்த பிறகே உபயதாரர் பணம் குழிக்குள் இறங்கும்.

ஆண்டுச் செலவு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடித்ததற்குக் காரைக்குடியிலேயே நல்ல உதாரணம் உண்டு. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறப்பு. வள்ளல் நிலத்தையும் முதலையும் கொடுத்தார், நடத்தும் செலவு மத்திய அரசுடையது. அதனால்தான் கொடுத்தவர் 1957-இல் மறைந்த பிறகும் ஆய்வகம் நிற்கவில்லை.

ஊருணி ஒப்பந்தங்களில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் காணோம். காலமும் பொருந்துவதில்லை. நிறுவனங்களுக்குக் கணக்கு முடிவது மார்ச் 31. ஊருணியில் வேலை செய்யத் தோதான காலம் பங்குனி முதல் ஆடி வரை. கணக்கை முடிக்கும் அவசரத்தில் மார்ச்சில் பணம் கொடுத்தால் படுகையைச் சோதிக்காமல் தோண்டுவார்கள். கையெழுத்து ஆவணிக்குத் தள்ளிப்போனால் பாதி வேலையில் மழை வந்துவிடும். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. தொடர்பணி என்று காட்டினால், செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். முதல் வருடம் அளப்பதும் தூர் வாருவதும். அடுத்த இரண்டு புரட்டாசியிலும், மழைக்கு முன்னால், வரத்துக்காலைச் செதுக்கக் கூலி. நான்காம் வருடத்திலிருந்து அந்தக் கூலி ஊராட்சியின் வரவு செலவில் ஏற வேண்டும். அதற்கான கிராம சபைத் தீர்மானத்தை முதல் வருடமே வாங்கிவிடுவது நல்லது, கொடுத்தவர்கள் ஊரில் இருக்கும்போதே.