மிலிஷியா: பொருளும் வேரும் தமிழ்ச் சொல்லும்

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பற்றி எந்த வழக்கு நடந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே வாக்கியத்தில் போய் நிற்கும். 1791 டிசம்பர் 15 அன்று அந்த நாட்டு அரசமைப்பில் சேர்ந்த இரண்டாம் திருத்தம் அது. ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள். அதில் நான்காவது சொல் 'மிலிஷியா'. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் சண்டையில் பாதி இந்த ஒரு சொல்லைப் பற்றியது.

தமிழில் இதைத் 'துணை ராணுவம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நம் நாட்டில் துணை ராணுவம் என்றால் மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை. சம்பளம், சீருடை, முகாம் எல்லாம் உள்ள நிரந்தரப் படைகள். மிலிஷியா என்பது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர்: தேவைப்படும்போது மட்டும் திரளும் சாதாரண மக்களின் படை. 'ஊர்க்காவல் படை'யும் பொருந்தாது. தமிழ்நாட்டில் அது போக்குவரத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் போலீசுக்குக் கைகொடுக்கும் தன்னார்வலர்களின் பெயராக நிலைத்துவிட்டது.

வேர் லத்தீன். 'மீலெஸ்' என்றால் படைவீரன். 'மிலிட்டியா' என்றால் படைச் சேவகம். மிலிட்டரி என்ற சொல்லும் இந்த வேரில் வந்ததுதான். நம் ஊர் 'மிலிட்டரி ஹோட்டல்' வரைக்கும் அந்த வேர் ஓடியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிலிஷியா ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்புறம் பொருள் குறுகியது. அரசன் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிலைப்படை ஒரு பக்கம். தேவைப்படும்போது வீட்டிலிருந்து எழுந்து வரும் சாதாரண மக்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்துக்கே அந்தப் பெயர் நின்றது. அது யார் கையில் இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமாக இருக்கவில்லை. 1642ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் முதலாம் சார்லஸ் மன்னரின் ஒப்புதல் இல்லாமலே மிலிஷியாவைத் தன் பொறுப்பில் எடுத்து ஆணை போட்டது. அந்த ஆண்டே உள்நாட்டுப் போர் வெடித்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் மிலிஷியா என்றால் ஊரில் இருக்கும் ஆண்கள்: உழவர், கொல்லர், கடைக்காரர். 1775 ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸின் கான்கார்டில் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்க பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்தபோது எதிரே நின்றவர்கள் இவர்கள்தான்.

இந்தப் படை எப்படிப்பட்டது என்பதை 1792ஆம் ஆண்டின் மிலிஷியா சட்டத்தைப் போலத் துல்லியமாக வேறெதுவும் காட்டாது. 18 வயது நிரம்பிய, 45 வயது ஆகாத, உடல் வலுவுள்ள, அடிமையல்லாத வெள்ளையர் ஆண் ஒவ்வொருவரும் பெயர் பதிய வேண்டும். ஆறு மாதத்துக்குள் நல்ல மஸ்கட் துப்பாக்கி ஒன்று, அதன் முனையில் மாட்டும் கத்தி, கூடுதலாக இரண்டு தீக்கற்கள், 24 தோட்டாவுக்குக் குறையாமல் கொள்ளும் பை, முதுகுப் பை எல்லாவற்றையும் சொந்தச் செலவில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே துப்பாக்கி உரிமையாக அல்ல, கடமையாக வருகிறது. 'வெள்ளையர்' என்ற சொல்லையும் தாண்டிப் போய்விடக் கூடாது. தென் மாநிலங்களில் தப்பி ஓடும் அடிமைகளைப் பிடிக்கும் ரோந்துக்கு இந்த மிலிஷியாக்காரர்களையே அனுப்பினார்கள்.

சரி, இதற்குத் தமிழ் என்ன? திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர் படையை ஆறு வகையாகச் சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. வழிவழியாக அரசனிடம் சேவகம் செய்வது மூலப்படை. காசுக்கு வருவது கூலிப்படை. நாட்டு மக்களிடமிருந்து திரள்வது நாட்டுப்படை. மிலிஷியாவுக்கு மிக நெருக்கமானது இந்த மூன்றாவதுதான். ஆனால் இன்றைய காதில் 'நாட்டுப்படை' என்றால் ஒரு நாட்டின் ராணுவம் என்றே விழும். அதனால் 'குடிப்படை' என்ற சொல்லையே நான் எடுப்பேன். குடி என்பதில் குடிமகனும் இருக்கிறான், குடும்பமும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. யாருடைய படை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

அடுத்த சிக்கல் திருத்தத்தின் வாக்கிய அமைப்பு. 'நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை, சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது ஆதலால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது' என்று தமிழாக்கலாம். இங்கே 'ஆதலால்' போட்டவுடனே மொழிபெயர்ப்பாளர் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார். குடிப்படைக்காகவே உரிமை என்று அது கட்டிவிடுகிறது. ஆங்கில மூலம் அவ்வளவு இறுக்கமாகக் கட்டவில்லை. முதல் பகுதி காரணமா வெறும் முன்னுரையா என்பதுதானே வழக்கே! தமிழில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: 'இன்றியமையாததாக இருக்க' என்று எழுதினால் மூலத்தின் தொங்கல் அப்படியே வந்துவிடும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1789ல் ஜேம்ஸ் மேடிசன் கொண்டுவந்த முதல் வரைவில் மக்களின் உரிமை முன்னால் இருந்தது, மிலிஷியா பின்னால் வந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நடந்த விவாதத்தில்தான் வரிசை மாறியது.

2008ல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், முதல் பகுதி முன்னுரைதான், உரிமை தனி மனிதருடையது என்று தீர்த்தது. தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடை விழுந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. உரிமை மிலிஷியாவோடு பிணைந்தது என்று மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் ஸ்டீவன்ஸ். 2010ல் இந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றானது. 2022ல், வெளியே துப்பாக்கி கொண்டுபோகத் தனிக் காரணம் காட்டச் சொன்ன நியூயார்க் சட்டமும் விழுந்தது.

மாநில அரசமைப்புகளைப் படித்தால் இந்தச் சண்டை எவ்வளவு பழையது என்று புரியும். பென்சில்வேனியா 1776லேயே 'தங்களையும் மாநிலத்தையும் காத்துக்கொள்ள' ஆயுதம் ஏந்தலாம் என்றது. மாசசூசெட்ஸ் 1780ல் 'பொதுப் பாதுகாப்புக்காக' என்று மட்டும் எழுதியது. 'தங்களை' என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு அரசியல் பிரிகிறது. நியூயார்க், கலிபோர்னியா, நியூ ஜெர்சி அரசமைப்புகளில் ஆயுத உரிமை பற்றிய பிரிவே கிடையாது. ஆனால் இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம்.

இனி, மிலிஷியா என்ற பெயரைத் தாங்களாகவே சூட்டிக்கொண்டு உருமறைப்பு உடையில் அலையும் குழுக்கள். இவற்றைக் குடிப்படை என்று எழுதவே கூடாது; 'ஆயுதக் குழு' என்பதே சரி. இதில் சட்டமும் துணை நிற்கிறது. 1879ல் சிகாகோவில் ஜெர்மானியத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் சுமார் 400 பேர் துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள். குதிரை மேல் வாளோடு முன்னால் போனவர் ஹெர்மன் பிரெஸ்ஸர். ஆளுநரின் அனுமதி இல்லாமல் ஆயுத அணிவகுப்பு கூடாது என்ற இல்லினாய் சட்டப்படி அவருக்கு 10 டாலர் அபராதம். 1886ல் உச்ச நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லும் என்றது. குடிப்படையைத் திரட்டுவது அரசின் வேலை, நினைத்தவர் நினைத்தபடி திரட்ட முடியாது என்ற கோடு அங்கே விழுந்தது.

அந்தக் கோடு எங்கே மங்குகிறது என்பதை 2020 ஏப்ரல் 30 காட்டியது. கொரோனா ஊரடங்கை எதிர்த்து மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் ரைஃபிள்களோடு ஆட்கள் நுழைந்தார்கள். மேல்மாடத்தில் அவர்கள் நிற்க, கீழே உறுப்பினர்கள் சிலர் குண்டு துளைக்காத சட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அப்படி ஏந்திக்கொண்டு வருவது சட்டப்படி குற்றமில்லை. 2021 ஜனவரியில்தான் அங்கே வெளிப்படையாக ஆயுதம் ஏந்தத் தடை வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் தலைக்கு மேல் துப்பாக்கியோடு நிற்பவர்களைக் 'குடிப்படை' என்று தமிழில் கௌரவிக்க எனக்கு மனம் வராது.

சட்டப்படியான குடிப்படைக்கு இரண்டு பிரிவு உண்டு. மாநிலங்களின் மிலிஷியாவைச் சீரமைத்து 1903ல் வந்த சட்டத்தின் வழியில், திரட்டப்பட்ட குடிப்படை என்பது இன்று முதன்மையாகத் தேசியக் காவல் படைதான். மற்றது திரட்டப்படாத குடிப்படை: 17 முதல் 45 வயதுக்குள் இருக்கும் உடல் வலுவுள்ள ஆண்கள் பெரும்பாலும் எல்லோரும். அவர்களில் பலருக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாது.

2022 நவம்பரில் அயோவா மக்கள் வாக்களித்துத் தங்கள் அரசமைப்பில் ஆயுத உரிமைப் பிரிவைச் சேர்த்தார்கள். அது அடிப்படையான தனிமனித உரிமை என்றும், அதன் மேல் போடும் எந்தக் கட்டுப்பாட்டையும் நீதிமன்றம் மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. மிலிஷியா என்ற சொல் அதில் எங்கும் இல்லை.